பத்து பத்துக்கு வருகிறவர்

பன்னிரண்டு மணிக்கு நம்பர் செத்துவிடும் என்று ஜெரால்டு சொன்னான். செத்துவிடும் என்றா சொன்னான்? இல்லை, போயிடும்மா என்றான். இன்டர்நெட் கம்பெனி ஆள், அவன் எதற்குச் சாவைப் பேசப் போகிறான், செத்துவிடும் என்று மாற்றிக் கேட்டது மரகதவல்லியின் காதுதான். இந்த வீட்டில் எதைச் சொன்னாலும் அந்தப் பக்கமாகவே போய் விழுகிற காது. ஞாயிற்றுக்கிழமை, மணி ஒன்பதே முக்கால், உறையூரில் எதிர்வீட்டு மிக்ஸி நின்று நின்று ஓடிக்கொண்டிருந்தது, அவள் கம்ப்யூட்டருக்கு முன்னால் குளித்த ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். அலமாரி மேல் அந்தக் கறுப்புப் பெட்டி. டிபன் டப்பா அளவுதான் இருக்கும், பச்சை விளக்கு மட்டும் விட்டு விட்டு எரியும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் மகன் சேந்தன் சென்னையிலிருந்து வந்து ஸ்டூல் போட்டு ஏறி வைத்தது. ஊர்ல எல்லார் வீட்டுப் போட்டோவும் யார் யாரோ கம்பெனியில கெடக்கும்மா, நம்ம வீட்டுது நம்ம வீட்டுலயே இருக்கட்டும். அப்பாவுக்குக் கடவுச்சொல் எல்லாம் ஞாபகம் இருக்காது என்று, பார்க்கவும் கேட்கவும் பூட்டுப் போடாமல் திறந்தே வைத்தான், உள்ளே புதிதாக எதையாவது வைக்கத்தான் சாவி வேண்டும். அதற்குள் படங்கள், பழைய கடிதங்கள், அப்பாவின் குரல் எட்டு நிமிஷம். நாலு தொகுதி எண்கள், நடுவில் புள்ளி, அதுதான் இன்டர்நெட்டில் இந்த வீட்டு நம்பர். மத்த வீட்டு நம்பரெல்லாம் கரண்ட் போய் வந்தாலே மாறிடும்மா, நம்மளுது மாறவே மாறாது, காசு கட்டி நிரந்தரமா வாங்கியிருக்கேன், உலகத்துல எங்கேருந்து அடிச்சாலும் நேரா நம்ம வீட்டு வாசல்தான். மாறவே மாறாது என்றவன் மாறிப் போய்விட்டான், நம்பர் மூன்று வருஷம் அவனுக்காக நின்றது, இப்போது அந்த மாதிரி நிரந்தர நம்பரை இனி வீடுகளுக்குத் தருவதில்லை என்று கம்பெனியே முடிவுகட்டி, இன்றைக்குப் பன்னிரண்டோடு சரி. அப்புறம் அப்பப்ப மாறுங்க, ஆனா கவலைப்படாதீங்க என்று ஜெரால்டு போனில் பொறுமையாகச் சொன்னான். நம்பருக்குப் பதிலா ஒரு பேர் வெச்சுக்கலாம்மா, நம்பர் மாற மாற உங்க பெட்டியே அந்தப் பேர்கிட்ட போய் இப்ப நான் இங்க இருக்கேன்னு சொல்லிடும், தேடி வர்றவங்க பேரை அடிச்சா போதும். பெயர் வைத்தாயிற்று, நேற்று சாயங்காலம் அவன் சொல்லச் சொல்ல இவள் அடித்தாள், தணிகாசலம்வீடு என்று இங்கிலீஷ் எழுத்தில். வைத்தாயிற்று. ஆனால் தேடி வருகிறவருக்கு அந்தப் பெயர் தெரியாதே ஜெரால்டு, என்று அவள் கேட்கவில்லை. தேடி வருகிறவர் ஒருவர்தான் என்றும் அவர் யார் என்றும் அவள் எவரிடமும் சொன்னதில்லை.

பத்து மணி பத்து நிமிஷத்துக்கு வருவார். வருவான். ஒவ்வொரு ஞாயிறும். கணவர் தணிகாசலம் போய் இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், அவருக்காகச் சேந்தன் எழுதிவைத்த கோடு போட்ட நோட்டை எடுத்து, அதில் இருந்ததை எழுத்துக்கூட்டி அடித்துப் பார்த்தபோதுதான் வந்துபோகிறவர்களின் பட்டியல் முதல்முதலாகத் திரையில் ஓடியது. பயந்துபோனாள். முப்பத்துநாலு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவள், எண்களைக் கண்டு பயப்படுகிறவள் இல்லை, ஆனால் இது வேறு. தூங்கும் வீடு என்று நினைத்திருந்தாள், அதன் கதவை நிமிஷத்துக்கு நாலு பேர் தட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தெந்தத் தேசத்து எண்களோ. ரூட் இருக்கிறாரா, அட்மின் இருக்கிறாரா, டெஸ்ட் இருக்கிறாரா, மரியா இருக்கிறாரா, இல்லாத ஆட்களின் பெயரைச் சொல்லிச் சொல்லித் தட்டுகிறார்கள், பெட்டி ஒவ்வொருவருக்கும் இல்லை, இல்லை, இல்லை என்கிறது. எல்லாம் மெஷினும்மா, ஊரெல்லாம் சுத்திக்கிட்டே இருக்கும், பூட்டாத வீடு தேடும் என்று ஜெரால்டு ஒருமுறை சிரித்தான். மெஷின் என்றால் அதற்கு மரியாவை எப்படித் தெரியும்? அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒருவர் மட்டும் பெயர் சொல்லித் தட்டவில்லை. நேரே உள்ளே வந்தார், படங்களைப் பார்க்கவில்லை, கடிதத்தைத் தொடவில்லை, அப்பாவின் குரலை மட்டும் எடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக, பத்து பத்துக்குத் தொடங்கிப் பத்துப் பதினெட்டு வரை, கேட்கிறவன் கேட்கும் வேகத்தில். அடுத்த ஞாயிறும். அதற்கடுத்ததும். எண் மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு, ஒரு வாரம் ஒரு நாடு, மறுவாரம் இன்னொன்று. ஊர் ஊராகப் போகிற வேலை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். கப்பலோ என்னவோ. குளிர்கிற நாட்டு எண் வந்தால் அன்று முழுக்க, ஸ்வெட்டர் போட்டிருப்பானா என்று இருக்கும். நூற்றி நாற்பத்தெட்டு ஞாயிறு, காலண்டரில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. ஒரு வார்த்தை அவள் எழுதிவைத்ததில்லை. எழுதியிருக்கலாம், அந்தக் குரலுக்குப் பக்கத்திலேயே ஒரு தாள் மாதிரி வைக்க முடியும், நோட்டில் அதற்கும் வழி இருந்தது. வைக்கவில்லை. ஜன்னல் கம்பிக்கு அணில் வந்து உட்கார்ந்தால் நாம் மூச்சைக்கூட மெதுவாகத்தானே விடுகிறோம். அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்த வாரமே அவன் வராமல் போய்விட்டால்?

ஆனால் இன்று எழுதியே ஆகவேண்டும். பத்து பத்துக்கு அவன் வரும்போது புதுப் பெயர் அங்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு அவன் வந்து நிற்கிற வாசல் வேறு யாருடையதாகவோ இருக்கும். பெயரை மட்டும் எழுதிவிட்டு விடலாம். இனிமேல் இந்தப் பெயரில் வரவும். வரவும்! பால்காரனுக்குச் சீட்டு எழுதுகிற மாதிரி. சேந்தா, என்று அடித்தாள். அன்புள்ள சேந்தா. அன்புள்ள என்பதை அழித்தாள். அது பொய்யில்லை, ஆனால் அந்த இடத்தில் பொய் மாதிரி இருந்தது. இன்றைக்குத் தேதி பத்தொன்பது. திதி போன வாரமே வந்து, ஐயர் வந்து, எல்லாம் முடிந்துவிட்டது, தேதி இன்றைக்குத்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே பத்தொன்பது, சாயங்காலம் நாலு மணி, தணிகாசலம் நாற்காலியிலிருந்து எழுந்தவர் ஏதோ மறந்துபோனவர் மாதிரி மறுபடியும் உட்கார்ந்து, அப்புறம் பக்கவாட்டில் சரிந்தார். சரிந்தபோது முழங்கை பட்டு டம்ளர் உருண்டது. அது உருண்டு நிற்கும் வரை அவள் டம்ளரைத்தான் பார்த்தாள். ஏன் அதைப் பார்த்தாள்? அப்புறம் போனை எடுத்தாள். எடுத்த கை எங்கே போனது? எத்தனை பேருக்கு அவள் அவசர லைன் போட்டுக் கொடுத்திருக்கிறாள், தீப்பிடித்தவன், பிரசவ வலி கண்டவள், கிணற்றில் பிள்ளை விழுந்தவன், ஒரு வார்த்தையில் ஆஸ்பத்திரிக்கோ தீயணைப்புக்கோ திருப்பிவிட்ட கை, அன்றைக்குத் தன் வீட்டில் சென்னைக்கு அடித்தது. பிள்ளைக்கு அடித்தது. மணி போய்க்கொண்டே இருந்தது. நெஞ்சைத் தடவினாள். மறுபடி அடித்தாள். மாத்திரை டப்பாவைத் தேடினாள், தண்ணீர் கொண்டுவந்தாள், அது உதட்டோரமாக வழிந்தது. மறுபடி அடித்தாள். நாலாவது தடவை. நாலாவது தடவை, ம், அதை விடு. இருபது நிமிஷம். அப்புறம்தான் பக்கத்து வீட்டுச் சுலைமான் சத்தம் கேட்டு ஓடிவந்து, அக்கா, ஆம்புலன்ஸுக்குச் சொன்னீங்களா என்றார். சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்பம்மா விழுந்தார் என்றபோது, இப்பத்தான் என்றாள். இப்பத்தான் டாக்டர், ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும்.

திரையில் ஒரு வரி ஏறியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பத்து பத்து. அப்பாவின் குரல், முதல் துண்டு. எண் இன்று ஏதோ வடக்குத் தேசத்தது. விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன. தாளில் சேந்தா என்று ஒரு சொல்தான் இருந்தது, அதையாவது அந்தப் பெயரோடு அனுப்பிவிடலாம், இப்போதே, அவன் உள்ளே இருக்கும்போதே, ஆனால் அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் திடீரென்று ஒன்று முளைத்தால்? இரண்டாம் துண்டு. இந்நேரம் அந்தப் பதிவில் அவர் எழுபத்தேழாம் வருஷத்து வெள்ளத்துக்கு வந்திருப்பார், மொட்டைமாடியில் ராத்திரி முழுக்கக் குடையோடு நின்றது, தெருவில் படகு வந்தது. அவள் அதைக் கேட்டதில்லை, அவர் போனபிறகு ஒருதடவைகூட. அங்கே நடுவில் காபி ஆறுது என்று அவளே கூப்பிடுகிறாள். அந்தக் குரலைத்தான் அவளால் கேட்க முடியாது, ஒன்றுமே தெரியாத அந்தப் பெண்பிள்ளையின் குரலை. மூன்றாம் துண்டு. எழுது. எழுதேன். பெயரை அடித்தாள், ஒரு எழுத்துத் தப்பியது, அழித்தாள். நான்காம் துண்டு. நோட்டில் எந்தப் பக்கம் என்று புரட்டினாள், நோட்டு நழுவிக் கீழே விழுந்தது, குனிந்து எடுத்து நிமிர்ந்தபோது பத்துப் பதினெட்டு. போய்விட்டான். போய்விட்டான், அவ்வளவுதான். எதிர்வீட்டு மிக்ஸி மறுபடி ஓடியது. நான் என்ன பண்ணேன் என்று வாய்விட்டே கேட்டாள். நான் ஏன் டம்ளரைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

இனி அடுத்த ஞாயிறுதான், அடுத்த ஞாயிறு நம்பர் இருக்காது. ஜெரால்டைக் கூப்பிட்டாள். தம்பி, ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா என்றாள். மேல இருந்து பண்றதும்மா, ஏரியா முழுக்க ஒரே நேரத்துல மாத்துறாங்க, ஏன், எதாச்சும் பிரச்சனையா? ஒன்றுமில்லை என்றாள். நீங்க பன்னண்டுக்கு மேல பெட்டிய ஒருதடவை அணைச்சுப் போடுங்க, பேர் தானா வேலை செய்யும். சரி தம்பி. வைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள். அப்புறம், இனி யாரும் வரப்போவதில்லை என்பதாலோ என்னவோ, எழுத வந்தது. மூச்சு விடாமல் வந்தது. சேந்தா, இந்த நம்பர் இன்று பன்னிரண்டு மணியோடு போகிறது, இனி கீழே இருக்கும் பெயரில் வா. அன்றைக்கு நான் முதலில் கூப்பிட்டிருக்க வேண்டியது உன்னை இல்லை. இருபது நிமிஷம் உன்னையே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் பொய் சொன்னேன். பதினாறாம் நாள் அத்தனை பேர் முன்னால், நீ போனை எடுத்திருந்தால் அவர் இருந்திருப்பார் என்று உன்மேல் போட்டேனே, அது என்னுடையது. நான் தூக்க முடியாமல் உன்மேல் போட்டது. இவ்வளவு எழுதிவிட்டு நிறுத்தினாள். பதினாறாம் நாள் அவன் பதில் ஒன்றும் சொல்லவில்லை. கட்டியிருந்த புதுவேட்டியை அவிழ்த்து மடித்துக் கட்டில்மேல் வைத்தான், பேன்ட் போட்டுக்கொண்டான், பையை எடுத்தான். அத்தைமார் எல்லோரும் டேய் டேய் என்றார்கள். ஒரு வாரத்தில் அவன் போன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. ஏன் பதில் சொல்லவில்லை? மீட்டிங்கில் இருந்தேன், போன் பையில் இருந்தது, கேட்கவில்லை, எதையாவது சொல்லியிருக்கலாமே. சொல்லாததற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். அந்த நாலாவது தடவை. முதல் மூன்று தடவையும் மணி முழுசாக அடித்து ஓய்ந்தது, ஆள் பக்கத்தில் இல்லை என்று அர்த்தம். நாலாவது இரண்டு மணிதான் அடித்தது, அப்புறம் டக்கென்று அறுந்தது. ஓய்கிற மணிக்கும் அறுக்கிற மணிக்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள், அந்தச் சத்தத்திலேயே முப்பத்துநாலு வருஷம் சோறு தின்றவள். ஒரு விரல் அதை அறுத்தது. பொங்கலுக்கு வரவில்லை என்று அப்பாவும் பிள்ளையும் அந்த மாதம் முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. அவளுக்குத் தெரியும், அன்றைக்கே தெரியும், அது தெரிந்துதான் பதினாறாம் நாள் வாய் அப்படித் திறந்தது. இதை எழுதவா? தாளைப் பார்த்தாள். எழுதவில்லை. இது மட்டும் தன்னோடு எரியட்டும். புதுப் பெயரையும் அம்மா என்பதையும் கீழே அடித்து, நோட்டில் இருந்தபடி செய்து, குரலுக்குப் பக்கத்தில் வைத்தாள். மணி பதினொன்று இருபது.

அப்புறம் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தாள், குக்கரை வைத்தாள், வைத்தது மறந்து மறுபடி அரிசி அளந்தாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். ரூட் இருக்கிறாரா. அட்மின் இருக்கிறாரா. பதினொன்று நாற்பத்தாறுக்கு ஒரு வரி ஏறியது, அது தட்டுகிற வரி இல்லை. முதலில் வாசல் பக்கத்தைத் திறந்தது. நின்றது. படங்களுக்குப் போனது, ஒன்றைத் திறந்தது, உடனே வெளியே வந்தது. ரொம்ப நாள் கழித்து ஒரு வீட்டுக்குள் வந்து எந்த அறை எங்கே என்று தடவுகிறவன் மாதிரி. குரலைத் திறந்தது, ஒரு துண்டுதான் போயிருக்கும், நிறுத்திவிட்டது. தாளைத் திறந்தது. அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். யார் நீ? இந்த எண் வடக்குத் தேசம் இல்லை, இங்கேயே, பெங்களூரோ எங்கோ. பத்து பத்துக்கு வந்தவன் எப்படி ஒன்றரை மணி நேரத்தில் பெங்களூர் வந்தான்? வேற ஊர் வழியா சுத்திக்கூட வரலாம்மா என்று ஜெரால்டு சொல்லியிருக்கிறானே. தாளை மறுபடியும் திறந்தது. மறுபடியும். மூன்று முறை. அப்புறம் ஒன்றுமில்லை, குக்கர் விசில் அடித்தது, ஒன்றுமில்லை, இன்னொரு விசில், பன்னிரண்டுக்கு ஒரு நிமிஷம் முன்னால் திரை சட்டென்று உறைந்தது. தட்டிக்கொண்டே இருந்தவர்களும் நின்றுவிட்டார்கள். மூன்று வருஷத்தில் முதல்தடவையாக அந்த வாசலில் ஒருவரும் இல்லை, அந்த அமைதி அவளுக்குத் தாங்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, பெட்டியை அணைத்தாள், பத்து வரை எண்ணிப் போட்டாள். பச்சை விளக்கு வந்தது. புது நம்பர், முன்பின் பார்த்திராத நாலு தொகுதி. இவள் வீடுதான் அது. யாருக்கும் தெரியாத வீடு.

பன்னிரண்டு பதினேழுக்கு தணிகாசலம்வீடு என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். அந்தப் பெயர் தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர், அவள், ஜெரால்டு, தாளைப் படித்தவர். ரூட் இல்லை, அட்மின் இல்லை. சேந்தன் என்று சொன்னார். பெட்டி முதல்முதலாக இல்லை என்று சொல்லவில்லை. உள்ளே விட்டது, அவனுடைய பழைய சாவியே பொருந்தியது. கொஞ்ச நேரத்தில் தாளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று இருந்தது, ஒரு குரல் பதிவு, இரண்டு நிமிஷத்துக்கும் குறைவு. அவள் அதைத் திறக்க ரொம்ப நேரம் பிடித்தது. ஏதோ ரோட்டோரச் சத்தம், பஸ் போகிறது, ஒருவன் கன்னடத்தில் யாரையோ அழைக்கிறான். மூச்சு. அப்புறம், அம்மா.

"அம்மா. நாலாவது தடவை நான்தாம்மா கட் பண்ணேன். உனக்குத் தெரிஞ்சிருக்கும், உன்கிட்ட அத மறைக்க முடியாது. அப்பாதான் உன்னை விட்டுக் கூப்பிடச் சொல்றார்னு நெனச்சேன். கோவம். அவ்ளோதான், வேற ஒண்ணும் இல்ல." பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. "நீ உன்மேல போட்டு எழுதியிருக்க. படிச்சேன். இன்னைக்குத் தேதி பத்தொம்பதும்மா, அதான் தொறந்தேன். இந்த மூணு வருஷத்துல இன்னைக்குத்தான் மொத தடவை தொறக்கறேன். அப்பா குரல கேக்கவே தைரியம் இல்ல. இப்பவும் முழுசா கேக்க முடியல, ஆரம்பத்துலயே நிறுத்திட்டேன். நம்பர் மாறாம வெச்சிருந்தியே, அதுவே..." அதற்கு மேல் அழுகை. அப்புறம் அவன் புது போன் நம்பரை நிதானமாக இரண்டு முறை சொன்னான்.

அவள் எழுதிக்கொண்டாள். கையெழுத்து நேராகத்தான் இருந்தது. குழந்தை, என் குழந்தை என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது, கண்ணீர் காகிதத்தில் விழுந்து ஏழா ஒன்றா என்று தெரியாமல் ஒரு எண் கலைந்தது, மறுபடி கேட்டு எழுதினாள், மறுபடி கேட்டபோதுதான் அந்த வரி முழுசாகக் காதில் ஏறியது. இன்னைக்குத்தான் மொத தடவை. திரும்பிக் காலண்டரைப் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. நூற்றி நாற்பத்தெட்டு புள்ளி. இன்றைக்கும் பத்து பத்துக்கு வந்ததே. எட்டு நிமிஷம், துண்டு துண்டாக, கேட்கிற வேகத்தில். ஏதோ மெஷின், வாரத்துக்கு ஒருதடவை சுற்றிவருகிறது, கிடைத்ததை அள்ளிக்கொண்டு போகிறது, ஜெரால்டு இருந்தால் அப்படித்தான் சொல்லுவான், சிரிப்பான். சரி. அப்படியே இருக்கட்டும். ஆனால் அது படங்களை ஏன் அள்ளவில்லை? அவர் குரலை மட்டும் ஏன்? இவ்வளவு நாள் அவள் ஸ்வெட்டர் போட்டிருக்கிறாயா என்று கவலைப்பட்டது யாரைப் பார்த்து? போனை எடுத்துச் சேந்தனுக்கு அடித்தாள், ஒரே மணியில் எடுத்தான், இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். அந்த நாலாவது தடவையைப் பற்றி, தெரியும்டா என்று மட்டும் சொன்னாள். பத்து பத்துக்கு வந்துபோனதைப் பற்றிக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் காலையிலேயே கூப்பிட்டான். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்னான், தாடி வைத்திருக்கிறேன், பார்த்துப் பயந்துடாதே என்றான், அவள் சிரித்தாள், உண்மையாகவே சிரித்தாள். அவன் தன் வேலையைப் பற்றி, அறையைப் பற்றி, மாடியில் குடியிருக்கும் கிழவரின் நாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான், அவளும் ம், ம் என்றாள், போனைக் காதில் வைத்தபடியே நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மணி பத்து ஒன்பது. புதுப் பெயருக்கு வழி தெரியாது அதற்கு, பழைய நம்பர் இந்நேரம் வேறு எந்த வீட்டுக்குப் போயிருக்குமோ, அந்த வீட்டுக்காரர்கள் யாரோ, அங்கே குரல் எதுவும் இருக்காது. பத்து பத்து. பத்துப் பதினொன்று. அம்மா, கேக்குதா, லைன்ல இருக்கியா என்றான் சேந்தன். இருக்கேன்டா, சொல்லு என்றாள் மரகதவல்லி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.